தூக்கிப் பார்ப்பவர்

அவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மனசு வரவில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்கள் நிற்கிற வரிசையிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேராக 'அண்ணே'. முதுகுக்குப் பின்னால் 'தராசு'.

தராசு என்ற பெயரை வைத்தது மற்ற டிரைவர்கள். வைத்ததில் தப்பே இல்லை. வண்டியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்தான் சொல்வார். எட்டுப் பேர் ஏறினால் எட்டுப் பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யக்கா, நீங்க இந்தப் பக்கம் வாங்க. தம்பி, நீ அந்தப் பக்கம் போ" என்று இடம் மாற்றுவார். கனமான உடம்புக்காரர்களுக்கு இது பிடிக்குமா? எம்.ரெட்டியபட்டிக்கு வருகிற ஒரு பூக்கார அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"என்னய என்ன, மூட்டைன்னு நெனச்சீகளா?"

"மூட்டையின்னா எனக்கு என்னக்கா கவல? அது வச்ச எடத்துல இருக்கும்."

வண்டியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பூக்கார அம்மா இடம் மாறி உட்காரும்வரை சாவியைத் திருகாமல் நின்றார்.

ஆட்களைக் கண்ணால் எடை போடுவார். சாமான்களைக் கையால். எந்தப் பையாக இருந்தாலும், சாக்காக இருந்தாலும், ஒருமுறை தூக்கிப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. உள்ளே என்ன என்று கேட்பார். பதிலைக் கேட்டுக்கொண்டே தூக்குவார். ஒருத்தர் பஞ்சு என்று சொன்ன சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பஞ்சு இம்புட்டுக் கனக்காதுங்களே" என்று கீழே இறக்கிவிட்டார். பிரித்தால் பஞ்சுக்கு நடுவில் கிரைண்டர் கல். கல்லுக்குத் தனி லக்கேஜ் கேட்பாரோ என்று பயந்து அந்த ஆள் பஞ்சு என்று சொல்லியிருக்கிறார். இவர் லக்கேஜே கேட்கவில்லை. கல்லைத் தூக்கி வண்டியின் நட்டநடுவில், தரையோடு தரையாக வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"கனம் கீழ இருக்கணும், நடுவுல இருக்கணும். இன்னது இருக்குன்னு வண்டி ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்பார். இதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

நான் கிராமச் சுகாதார நர்ஸ். வீடு பாளையம்பட்டியில். டவுன் பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அவர் வண்டியில் எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவேன். புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. அன்றைக்குக் கையில் மருந்துப் பெட்டி இருக்கும். உள்ளே ஐஸ் கட்டியும் ஊசி மருந்தும் வைத்த நீலப் பெட்டி.

அந்தப் பெட்டியை மட்டும் அவர் தூக்கிப் பார்த்ததே கிடையாது.

"நர்சம்மா, பெட்டி நடுவுல வச்சாச்சா?"

"வச்சாச்சுண்ணே."

"அப்பச் சரி."

அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிடும். ஊரில் யார் வாக்கையும் நம்பாமல் தூக்கித் தூக்கிப் பார்க்கிற மனிதர் என் வாய்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறார் என்பதில் எனக்கு ஒரு கெத்து. ஒளிக்க என்ன இருக்கிறது, நன்றாகவே கெத்து. வண்டிக்குள் இருக்கிறவர்கள் அதைக் கவனிக்கிறார்களா என்றுகூட ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் வேலையில் பாதி, மற்றவர்கள் சொல்வதை நம்பாமல் இருப்பது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுப்போம். "சாப்பிடுறியாடீ?" "சாப்பிடுறேன்க்கா, ஒருநாள் கூட விடல." இமை கொட்டாமல் சொல்வார்கள். தலையணை உறையைத் திருப்பி உதறினால் ஒரு கைப்பிடி மாத்திரை கொட்டும். அப்போது எனக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அந்தப் பெண்ணின் மாமியார்கூட சமாதானம் செய்ய வந்துவிடுவார். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் தன் இஷ்டத்துக்குச் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. இதை இங்கே சொல்லி வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

அவருடைய வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் கேன்கள் இருக்கும். பத்து லிட்டர் பிடிக்கிற கேன். மூடியை இறுக்கித் திருகி, கைப்பிடியில் நைலான் கயிறு கட்டி, எப்போதும் காலியாக. எங்கள் பக்கம் கோடையில் காலிக் கேன் என்பது சும்மா விஷயமா? லாரித் தண்ணி வருகிற நாளில் ஒரு கேனுக்காக அக்காதங்கச்சிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போவார்கள். "ரெண்டு நாளைக்குக் குடுங்கண்ணே" என்று பெண்கள் கேட்டுப் பார்த்தார்கள். தரமாட்டார். எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றால் குனிந்து மூடியை இன்னும் ஒரு திருகு திருகுவார்.

ஒரு சித்திரை மாதத்தில், அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரம், ரெட்டியபட்டியில் ஒரு பெண் அந்த இரண்டு கேனையும் எடுத்துக் குழாயில் பிடித்து நிரப்பி, பழையபடி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டாள். அவருக்காகத்தான். வெயிலில் அலைகிற மனுஷன், வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்று. அவர் வந்தார், வழக்கம்போலக் குனிந்து கேனைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. இரண்டு கேனையும் இழுத்து வெளியே போட்டு, குழாயடியில் குடத்தோடு நிற்கிற முப்பது பேர் முன்னால், இருபது லிட்டர் தண்ணீரையும் தார் ரோட்டில் கவிழ்த்தார்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒமக்கு?" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

"காலியா இருக்கிறத யாரும் நெறப்பாதீக" என்றார் அவர். "காலியா இருக்கிறது காலியாவே இருக்கட்டும்."

ஒரு வாரம் அந்த ஊரில் யாரும் அவர் வண்டியில் ஏறவில்லை. நான்கூட அந்த வாரம் பஸ்ஸில் போனேன். தண்ணியைக் கீழே ஊற்றுகிறவனை எங்கள் பக்கத்தில் யாரும் லேசில் மன்னிப்பதில்லை.

வண்டி ஓட்டுகிற நேரம் தவிர, உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை அவரை. வண்டி நின்றால் இறங்கிவிடுவார். சுற்றி வருவார். டயரை மிதிப்பார், கயிறை இழுப்பார், டீக்கடை வாசலில் கட்டியிருக்கிற கட்சிக்கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பார். ஆடி மாதத்தில் கரிசல் புழுதியை வாரி இறைக்கிற காற்று வந்தால் அன்றைக்கு முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளாது. சுற்றிலும் சீமைக்கருவேலும் வறண்ட கண்மாயும் இருக்கிற ஊரில் காற்றைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

திருச்சுழிப் பக்கத்து ஆள்தான் அவர். மழை பொய்த்த காலத்தில் தொண்டிப் பக்கம் கூலிக்குப் போய், வத்தை என்று அங்கே சொல்கிற சின்னப் படகில் ஆறு வருஷம் மீன்பிடிக்கப் போயிருக்கிறார். பிறகு ஒருநாள் திரும்பி வந்துவிட்டார். ஏன் வந்தார் என்று வரிசையில் நிற்கிற டிரைவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் கடலைப் பற்றி, அதுவும் அந்தக் கடலைப் பற்றி, கேட்காமலே பேசுவார்.

"அங்கிட்டு அதப் பொம்பளக் கடலும்பாக நர்சம்மா. அலையே இருக்காதாம், சாதுவாம். பேரு வச்சவன் கரையில நின்னு வச்சிருக்கான்."

"ஏன், ரொம்ப ஆழமோ?"

"ஆழமில்லாததுதான் வினை. ஆழத்துல அலை உருண்டு போயிரும். ஆழமில்லாத எடத்துல எந்திரிச்சு நிக்கும். ஒண்ணு போயி மூச்சு விடுறதுக்குள்ள அடுத்தது. இதுல நம்ம ஆளுக, இடுப்பளவு தண்ணிதானன்னு எந்திரிப்பாக. வத்தையில எந்திரிச்சவன் தானும் போவான், ஒக்காந்திருக்கிறவனையும் கூட்டிக்கிட்டுப் போவான்."

இதைச் சொல்லும்போதே கண்ணாடியில் பின்னால் பார்த்து, எழுந்து நின்று மேல்சட்டைப் பையில் சில்லறை தேடிய ஒருத்தரை, "ஒக்காருங்க, ஒக்காந்து எடுங்க" என்று அதட்டினார்.

என் வீட்டுக்காரர் வகையறாவுக்குக் குலசாமி அந்தக் கடலில்தான் இருக்கிறது. தொண்டிக்கு இந்தப் பக்கம், கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு மணல்திட்டு. அதில் ஒரு வேப்பமரம், ஒரு பீடம், ஒரு சூலம். கரிசல்காட்டு ஆட்களுக்குக் கடலுக்குள் எப்படி சாமி போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் சரியான பதில் கிடையாது. மாசியில் போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். திட்டில் உப்புத் தண்ணிதான். கரையில் விலைக்குத் தண்ணி கிடைக்கும், ஆனால் அதை ஆத்தா ஏற்கமாட்டாள். பொங்கப் பானையில் ஊற்றுகிற தண்ணி சொந்தக் கிணற்றுத் தண்ணியாக இருக்க வேண்டும். அது எங்கள் வீட்டு முறை.

அந்த வருஷம் என் மகளுக்கு ஆறு வயது. முடியிறக்க வேண்டும் என்று மாமியார் பிடித்த பிடியில் நின்றார். வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஓட்டுவதற்கு அவரைக் கூப்பிட்டது நான்தான். அந்தப் பக்கம் பழக்கமான ஆள் என்று நினைத்தேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான், "வாரேன். ஆனா வத்தையில ஏறுறப்ப நான் சொல்றதக் கேக்கணும்" என்றார். "கேக்காம?" என்றேன்.

வீட்டுக் கிணற்றில் அப்போது ஒரு முழம் தண்ணி. மாமியார் முந்தின நாள் விடியக்காலையிலிருந்து ஊற ஊற இறைத்து, துணியில் வடிகட்டி, ஐந்து கேன் நிரப்பினார். நானும் கூட நின்று இறைத்தேன். கை இரண்டும் கொப்பளித்துப் போயிருந்தது.

கரைக்குப் போய் இறங்கியதுமே அவர் முகம் சரியில்லை. காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்துக்கொண்டிருந்தது. பெரிய அலை என்று ஒன்றும் இல்லை. கலங்கிய தண்ணி, குட்டை குட்டையாக, நெருக்கமாக எழும்பி எழும்பி உடைந்தது. எனக்கு அதில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. அவர் மண்ணை அள்ளிக் காற்றில் விட்டுப் பார்த்தார். இப்படியும் அப்படியும் நடந்தார். வத்தைக்காரரிடம் போய் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னிக்கு வேணாம். நாளைக்குக் காலையில காத்து எறங்கும், அப்பப் போவோம்" என்றார்.

"பத்தரைக்கு ராகுகாலம் வருதுண்ணே. அதுக்குள்ள பானை ஏத்தணும்" என்றார் என் வீட்டுக்காரர். "இடுப்பளவு தண்ணிதான? நடந்தே போயிரலாம் போல இருக்கு."

வத்தைக்காரரும் போகலாம் என்றுதான் சொன்னார். வாதாடிப் பார்த்தார் இவர். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். எல்லாரும் ஒரே நடையில் போகக்கூடாது. முதலில் என் வீட்டுக்காரர், மாமியார், மகள், நான். கொழுந்தனார் குடும்பம் அடுத்த நடை. எங்களோடு அவரும் வருவார். அப்புறம் கேன்களைப் பார்த்தார்.

"அஞ்சுல மூணக் காலி பண்ணுங்க."

மாமியார் நெஞ்சில் கை வைத்துவிட்டார். "ஏப்பா, என்ன பேச்சுப் பேசுற? ஆத்தாளுக்குக் கொண்டாந்த தண்ணி!"

"ரெண்டு கேன் போதும்மா பொங்கலுக்கு. மூணு காலி வேணும். மூடிய இறுக்கித் திருகி ஆளுக்கு ஒண்ணு இடுப்புல கட்டிக்கிறணும். வத்தை கவுந்துச்சுன்னா அதுதான் ஒங்களத் தூக்கி நிறுத்தும்."

"கவுறும்னு வாயில சொல்றியே!"

அவர் என் பக்கம் திரும்பினார். "நர்சம்மா, நீங்க சொன்னா கேப்பாக. மூணையும் ஊத்திருங்க." சொல்லிவிட்டு என்ஜினைப் பார்க்கப் போய்விட்டார்.

முதல் கேனை மணலில் கவிழ்த்தேன். ஒரு நிமிஷத்தில் குடித்துவிட்டது மணல். இரண்டாவதைக் கவிழ்க்கும்போது மாமியார் பார்க்கமாட்டாமல் அந்தப் பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். மூன்றாவது கேனின் மூடியில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன்.

மாமியாருக்காக என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொழுந்தனார் குடும்பம் தனியாக வைக்கிற பானைக்கும் தண்ணி வேண்டுமே என்றும் சொல்லிக்கொண்டதுண்டு. இரண்டும் பொய்யில்லை. ஆனால் உள்ளே வேறொன்றும் இருந்தது. ஊருக்கே புத்தி சொல்கிற என்னை, என் வீட்டு ஆட்கள் முன்னால், ஒரு டிரைவர் தண்ணியை ஊற்று என்று ஏவுகிறார். கொப்பளித்த கையோடு நான் ஊற்ற வேண்டும். ஊற்றவில்லை. மூடியை மட்டும் அவர் சொன்னபடி, சத்தம் வரும்வரை இறுக்கித் திருகினேன்.

அவர் திரும்பி வந்து, காலியான கேன் ஒன்றை என் மகள் இடுப்பிலும் இன்னொன்றை மாமியார் இடுப்பிலும் தானே கட்டினார். மூன்றாவதைக் கண்ணால் காட்டினார்.

"மூணும் காலியா நர்சம்மா?"

"காலிண்ணே."

"அப்பச் சரி. அத நீங்களே கட்டிக்கிருங்க."

அவர் வத்தைக்காரரோடு முன்பக்கம் போனபோது, கேனை வயிற்றோடு அணைத்துத் தூக்கி ஏற்றி, நான் உட்காரும் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பாதி தூரம் ஒன்றும் இல்லை. மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். வத்தை ஏறி இறங்கும்போதெல்லாம் அடியில் எதிலோ தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தரை அது. இரண்டு அலைக்கு நடுவே தண்ணி அவ்வளவு குறைந்து போகிறது. அவர் திரும்பித் திரும்பி எங்கள் தலைகளை எண்ணினார். அப்புறம் என்ஜின் ஒரு மாதிரி இருமியது, நின்றது. கடல் பாசி சுற்றிக்கொண்டது என்றார் வத்தைக்காரர். என்ஜின் நின்றதும் வத்தை மெதுவாகத் திரும்பி அலைக்குக் குறுக்கே நின்றது. முதல் அலை உள்ளே விழுந்து மடி நனைந்தது.

"இடுப்பளவுதான், நான் எறங்கித் தள்ளுறேன்" என்று என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"எந்திரிக்காதீக! ஒக்காருங்க! ஒக்காருங்கய்யா!"

அவர் கத்தி முடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் குதித்த பக்கமாகவே வத்தை சாய்ந்தது. அடுத்த அலை மிச்சத்தைச் செய்தது.

தண்ணி இடுப்பளவு இல்லை. கழுத்தளவு. கீழே கால் ஊன்றினால் சேறு முழங்கால்வரை வாங்கிக்கொண்டது. காலை உருவுவதற்குள் முகத்தில் அலை. வாயைத் திறந்தால் உப்பு. மகளை மட்டும் பார்த்தேன். வெள்ளைக் கேனோடு மிதந்துகொண்டிருந்தாள், அலறிக்கொண்டு, கரையைப் பார்க்கத் தள்ளப்பட்டு. அந்தப் பக்கம் மாமியார், மற்ற கேனைக் கட்டிப் பிடித்தபடி. என் வீட்டுக்காரரும் வத்தைக்காரரும் கவிழ்ந்த வத்தையைப் பிடித்திருந்தார்கள். நான் எதையும் பிடித்திருக்கவில்லை. சேலை காலைச் சுற்றிவிட்டது.

அவர் என்னைப் பார்த்து நீந்தி வந்தார். பொங்கல் கேன் இரண்டையும் வத்தையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்; நடுவில் தனியாகக் கிடந்தது அந்த மூன்றாவது கேன்தான். நல்ல தண்ணி உப்புத் தண்ணியில் முழுசாக முங்காது. மூடியும் கைப்பிடியும் மட்டும் வெளியே தெரிந்தது. அவர் அதைப் பிடித்து என் பக்கம் எறியக் கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதியில் நின்றுவிட்டது.

கனத்தை உணர்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது, ஒரு அலை வந்து போகிற நேரம் இருக்கும். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றைக்குவரை யோசித்துப் பார்க்கிறேன். இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கேனை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "என் தோளப் புடிங்க. ரெண்டு கையாலயும். அலை வர்றப்ப மூச்ச அடக்குங்க." பிடித்தேன். பிடித்தேன் என்பதைவிட அவரை அமுக்கினேன் என்று சொல்ல வேண்டும். நான் மேலே வரும்போதெல்லாம் அவர் கீழே போனார். அவர் தொண்டையில் தண்ணி இறங்குகிற சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. ஒரு அலை எங்களைப் புரட்டியபோது அவர் தோளில் ஏதோ கடக்கென்றது. கையை விடவில்லை அவர். கால் தரையில் உருப்படியாகப் பாவுகிறவரை விடவில்லை.

கொழுந்தனார் ஓடிவந்து மகளைத் தூக்கினார். ஊர்க்காரர்கள் மாமியாரைக் கொண்டுவந்தார்கள். கடைசியில் என் வீட்டுக்காரரும் வத்தைக்காரரும். எல்லாத் தலையும் கரைக்கு வந்து சேர்ந்தது. அவர் மணலில் மண்டிபோட்டுக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டே அந்தத் தலைகளை எண்ணினார்.

பொங்கலுக்கு வைத்திருந்த இரண்டு கேனும் மூடி கழன்று உப்புத் தண்ணியாகிப் போயிருந்தன. மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். அப்போது அவர் எழுந்து, தள்ளாடி, தண்ணி ஓரத்துக்குப் போனார். மூன்றாவது கேன் அங்கே ஒதுங்கியிருந்தது. வலது கையால் இழுத்துவந்து மாமியார் முன்னால் வைத்தார்.

மாமியார் மூடியைத் திருகி, ஒரு கை ஊற்றிக் குடித்துப் பார்த்தார். "நல்ல தண்ணி! நம்ம கெணத்துத் தண்ணி! ஆத்தா காப்பாத்திக் குடுத்துட்டாப்பா! காலிக் கேனுக்குள்ள எப்படிப்பா தண்ணி வந்துச்சு?"

என் உயிர் போய் வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எண்ணுறதுல நான் தப்புப் பண்ணியிருப்பேம்மா. மூடி இறுக்கமா இருந்திருக்கு. பொங்கல வைங்க" என்றார்.

கரையிலேயே, திட்டைப் பார்த்துப் பானை ஏற்றினார்கள். பொங்கியதும் மாமியார் குலவையிட்டார். நான் வேனுக்குப் பின்னால் அவருக்குத் துண்டால் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். தோள் இறங்கியிருந்தது. ஈரத் துண்டில் முடிச்சு நழுவி நழுவிப் போனது.

"அண்ணே, அந்தக் கேனு..."

"வலிக்குது நர்சம்மா. சீக்கிரம் கட்டுங்க."

கட்டி முடித்தேன். அவர் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்குச் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார்.

"நானும் ஒருக்க நெறப்பி வச்சிருந்தேன். நம்ம ஊர்க்காரன் புத்தி, காலியாக் கெடந்தா மனசு கேக்காது. தாகத்துக்கு இருக்கட்டுமேன்னு நெறப்பிட்டேன். எங்கூட வந்தவரு கேட்டாரு, காலியான்னு. காலின்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அவரு நம்புனாரு."

எழுந்து போய் வேனைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராக மிதித்துப் பார்த்தார்.

மாமியார் இன்றைக்கும் ஒவ்வொரு மாசியிலும் அந்தக் கதையைச் சொல்கிறார். ஆத்தா கடலுக்குள் காலிக் கேனை நிரப்பித் தந்த கதை. உறவுக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். என் மகளும் போட்டுக்கொள்கிறாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

ஒரு மாதம் கழித்து அவர் மறுபடி வண்டி ஓட்ட வந்தார். இடது கை காதுக்கு மேலே போகாது. புதன்கிழமை மருந்துப் பெட்டியோடு ஏறினேன். நடுவில், தரையோடு தரையாக வைத்தேன்.

"நர்சம்மா, பெட்டி வச்சாச்சா?"

"வச்சாச்சுண்ணே."

சாவி திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. அவர் இறங்கினார். சுற்றி வந்து, மற்றவர்களின் கால்களை விலக்கி, வலது கையால் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். பழையபடி வைத்தார். போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. எப்போதும்போல வழியில் இரண்டு பேரை இடம் மாற்றி உட்காரச் சொன்னார். கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். இறங்கும்போது, "பாத்துப் போங்க நர்சம்மா" என்றார், எப்போதும் சொல்கிற அதே குரலில்.

திட்டியிருக்கலாம். ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் தலையணையை உதறி மாத்திரையைக் கொட்டிக் காட்டியிருப்பேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. புதன்கிழமைதோறும் இறங்கி வந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். நான்கு வருஷம். ஒவ்வொரு புதனும், இன்றைக்கு இறங்கமாட்டார், இன்றைக்கு "அப்பச் சரி" என்று சொல்லிவிடுவார் என்று நான் உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

போன வருஷம் வண்டியை விற்றுவிட்டு மகன் வீட்டுக்கு, திருப்பூருக்குப் போகிறேன் என்றார். கடைசியாக அவர் வண்டியில் ஏறியதும் ஒரு புதன்கிழமைதான். பெட்டியை வைத்தேன்.

"வச்சாச்சா நர்சம்மா?"

"வச்சாச்சுண்ணே" என்றேன்.

கண்ணாடியில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, இறங்கி வந்து, தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.